குட்டி மென்ன வால்

அந்த வாரம் காத்து நிக்கவே இல்ல. மலையில பனி உருகுற காலத்துல எங்க பள்ளத்தாக்குக் காத்து இப்படித்தான், எங்கயோ போகக் கெளம்பிட்டு வழி மறந்துபோன மாதிரி கொட்டாயச் சுத்திச் சுத்தி வரும். குதிரைங்களும் அப்படித்தான் இருந்துச்சு. குளிர்காலம் முழுக்கத் தலையைத் தொங்கப் போட்டு நின்னதுங்க இப்ப மூக்கைத் தூக்கி மோப்பம் புடிக்குது. விலா எலும்பு வெளிய தெரியுது, ஆனா கால் ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது. பழைய மயிரு கொத்துக் கொத்தா உதிர்ந்து வேலி முள்ளுல தொங்குது. குருவிங்க அதைக் கூட்டுக்கு எடுத்துட்டுப் போகுது.

பைசாக் அண்ணனும் நிலைகொள்ளாமத்தான் இருந்தாரு. எந்திரிப்பாரு, ஒரு பொட்டைக் குதிரைக்கு மடி தடவிப் பாப்பாரு, உண்ணி ரெண்டு புடுங்குவாரு, சேணத்தை எறக்கி வாருக்குக் கொழுப்பு தேய்ப்பாரு, பாதியில வெச்சிட்டு வேலிகிட்டப் போய் ஆத்தையே பாத்துக்கிட்டு நிப்பாரு. இந்தக் குதிரைக் கூட்டம் அவரோடது. நான் மேய்க்கறவன். பேரு சார்சென். அரால் கடல் பக்கத்து ஆளு, கடல் வத்திப்போன பெறகு பொழைக்க வந்தவன். இங்க யாரும் என் பேரைச் சொல்றதில்ல. கடல்காரன்தான். ஒரு கயித்தைக் காணோம்னா கூட, "ஒரு கடலையே தொலைச்ச பய, கயித்தத் தொலைக்கமாட்டானா"ம்பாரு அண்ணன். பழகிருச்சு.

அந்த வீட்டுல எல்லாப் பேச்சும் உண்டு, ஜாந்தோஸ் பேச்சு மட்டும் கெடையாது. ஜாந்தோஸ் அவங்களுக்கு ஒரே மகன். போன இலையுதிர்காலத்துல, எல்லாரும் கறிச்சட்டியைச் சுத்தி உக்காந்திருக்கறப்ப, "பாதிப் பொட்டைங்கள வித்துட்டு ஒரு வேன் வாங்கலாம்ப்பா, இங்க கெகெனுக்கும் அல்மாட்டி நகரத்துக்கும் ஓட்டுறேன்"னு சொன்னான்.

அண்ணன் கத்தியக் கீழ வெச்சாரு. "குதிரைய வித்து டயர் வாங்கவா உன்னப் பெத்தேன்?"

அங்க புடிச்சது தீ. பாட்டன் பூட்டன் வரைக்கும் போச்சு. கடைசியில அவன் கதவுல நின்னுக்கிட்டு, "இனி உங்க சாவுக்குத்தான் இந்த வாசல்ல கால் வைப்பேன்"னான்.

"அதுக்காவது நேரத்துக்கு வந்து சேரு"ன்னாரு இவரு.

எங்க சனத்துக்கிட்ட இது ஒரு வியாதி. கோவத்துல சொன்னதையும் சத்தியமாத்தான் வெச்சுக்கும். அவன் அல்மாட்டிக்குப் போய் எவனோ ஒருத்தன் வேனை ஓட்டிக்கிட்டு இருக்கான். குளிர்காலத்துல அண்ணனுக்கு நெஞ்சுல சளி கட்டி, மூச்சு விசில் மாதிரி வந்துச்சு. படுத்த படுக்கை. அப்பவும் "மகனைக் கூப்புடு"ன்னு அவரு சொல்லல. அந்த வாய் தொறக்கல.

எங்க வீட்டுல போன்ல சிக்னல் எடுக்காது. பின்னால மேட்டுக்கு ஏறணும். குல்பாஷ் அண்ணி வெள்ளிக்கிழமையானா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஏறுவாங்க. மகன் எடுப்பான். "அப்பா வரச் சொன்னாரா?"ன்னு முதல்ல கேப்பானாம். "நீதான் வாயேன்டா"ம்பாங்க. "அவரு வாயால வான்னு ஒரு வார்த்தை வரட்டும்மா"ம்பான். அவ்வளவுதான். எறங்கி வந்தா அண்ணன் வேற எங்கயோ பாத்துக்கிட்டு, "மேல காத்து எப்படி?"ன்னு கேப்பாரு. "காத்துக்கு என்ன, அது எங்க வேணாலும் போகும்"னு அண்ணி வெடுக்குனு சொல்லிட்டு உள்ள போயிருவாங்க.

குட்டி கட்டுற நாள் நெருங்கிருச்சு. தரையில நீளமா கயிறு அடிச்சு, புதுசாப் பொறந்த குட்டிங்கள வரிசையாக் கட்டி, அன்னிக்கு முதல் பால் கறப்போம். முதல் குட்டியக் கட்டுறது வீட்டு மகன். அவன் இல்லாம கட்டுனா குதிரைப்பால்ல போடுற குமிஸ் புளிக்காதுன்னு இல்ல, ஆனா ஊரு கேக்கும். அண்ணி அதைத்தான் நெனச்சு நெனச்சுப் பாத்திரத்தை உருட்டிக்கிட்டு இருந்தாங்க.

இந்த நேரத்துலதான் செவலையோட வால் போச்சு.

செவலை அண்ணன் ஏறுற குதிரை. வேற யாரும் அதுமேல ஏறக்கூடாது. வால் தரையைத் தொடும், பிடரி கழுத்துக்குக் கீழ வந்து விழும். அவரு தன் தாடியச் சீவறாரோ இல்லையோ, அந்தப் பிடரியச் சீவுவாரு. காலையில நான் கொட்டாயத் தொறந்தா, பக்கத்துல நின்ன ஒரு வயசுக் குட்டி ஒண்ணு வாயில மயிரோட சாவகாசமா மென்னுக்கிட்டு நிக்குது. உப்பு தீந்துபோச்சு, காஞ்ச புல்லு அடிமட்டம், புதுப்புல்லு இன்னும் பல்லுக்குச் சிக்கல. அந்த மாதிரி நேரத்துல குட்டிங்க இப்படி மெல்லும். ராத்திரி முழுக்க மென்னிருக்கு. செவலையோட வால் ஒரு பக்கம் பாதி, ஒரு பக்கம் எலி கடிச்ச கயிறு.

அண்ணன் வந்து பாத்தாரு. திட்டலை. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. சுத்தி நடந்தாரு. அப்புறம் ஆட்டு ரோமம் வெட்டுற கத்திரியக் கேட்டாரு.

"எதுக்குண்ணே?"

"சமமா வெட்ட. இந்தக் கோலத்துல பாக்கச் சகிக்கல."

"வேணாம்ணே. வளரட்டும். யாராச்சும் பாத்தா..."

எங்கள்ல ஒரு ஆம்பள செத்தா, அவன் ஏறுன குதிரைக்கு வாலையும் பிடரியையும் ஒட்ட வெட்டிருவோம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் அதுமேல ஒருத்தரும் ஏறமாட்டோம். வருஷ விருந்துக்கு அதை அறுப்போம். ஒரு வயசுக் குட்டிங்களுக்கு வசந்தத்துல மயிரு வெட்டுறது வேற, அது எல்லாரும் பண்றது. வளந்த குதிரை மொட்டை வாலோட நின்னா ஒரே அர்த்தம்தான்.

"கத்திரியக் குடு கடல்காரா. என் குதிரை, என் வால்."

அவரே வெட்டுனாரு. கணுக்கு மேல, நேர்கோடா. தள்ளி நின்னு பாத்தாரு. ஒரு மாதிரி யோசனை. அப்புறம் திரும்ப வந்து பிடரியையும் புடிச்சு, கழுத்தோட ஒட்டக் கத்திரிச்சாரு. நெத்தி மயிரையும் விடல. முந்துன நாள் முழுக்கக் குட்டிங்களுக்கு வெட்டுன கை, அந்த வேகத்துல ஓடுதுன்னு நெனச்சேன். கடைசி மயிரு விழுந்தப்ப ஒரு தடவை அதோட கழுத்துல உள்ளங்கைய வெச்சுக்கிட்டு நின்னாரு.

தண்ணி வாளியோட வந்த அண்ணி பாத்துட்டு வாளியக் கீழ போட்டாங்க.

"யாருக்கு வெட்டுனீங்க?"

"குட்டி மென்னுருச்சு."

"நான் கேட்டது யாருக்குன்னு. உங்களுக்கு நீங்களே எழவு கொட்டுறீங்களா? குளிர்காலத்துல போன உசிரைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேனே, இதுக்கா?" கெட்டது அண்டாம இருக்கச் சட்டைக்குள்ள மூணு தடவை துப்பிக்கிட்டாங்க. "எவன் கண்ணுலயும் படாம பின் கொட்டாயில கட்டு கடல்காரா. மயிரு வளர்ற வரைக்கும் அங்கயே கெடக்கட்டும்."

கட்டுனேன். மறுநாள் காலையில அண்ணன் வந்து, "கெகெனுக்குப் போய் உப்புக்கட்டி வாங்கிட்டு வா, இல்லேன்னா அந்தக் குட்டி என் தாடியையும் மெல்லும்"னாரு.

"கருப்பைச் சேணம் போடவா?"

"கருப்புக்குக் குளம்பு நோவு. செவலையில போ."

"இந்த வாலோடயா? அதுவும் நானா?"

"வாலா நடக்கப் போகுது? காலு நல்லாத்தான் இருக்கு."

அண்ணி மாட்டுக் கொட்டாயில இருந்தாங்க. அவங்க பாக்கறதுக்குள்ள கெளம்புன்னு கையால தள்ளுனாரு. பொட்டைங்க எல்லாம் நெறமாசம், இல்லேன்னா குட்டியோட. வேற ஏறுற குதிரை இல்ல. கெளம்பிட்டேன்.

ஆத்துப் பாலத்துலயே மாட்டிக்கிட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் துசிப் அண்ணன் வீடு. சின்ன வயசுல இவரும் பைசாக் அண்ணனும் ஆட்டு ஒடலை இழுத்துப் போட்டி போடுற ஆட்டத்துல எதிர் எதிர்ப் பக்கம். ஒருத்தர் பல்லை ஒருத்தர் ஒடைச்சவங்க. இன்னி வரைக்கும் பாத்தா மொறைச்சுக்குவாங்க. வேலிக்குக் கம்பி கட்டிக்கிட்டு இருந்தவரு செவலையப் பாத்தாரு. கம்பி கையிலருந்து நழுவிச்சு. தொப்பியக் கழட்டுனாரு.

"எப்ப?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணே. ஒரு குட்டி வாலை மென்னுருச்சு. அதான் சமமா வெட்டுனோம்."

அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கண்ணு கலங்கிருச்சு. "நல்லவன்டா நீ. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம குட்டி மேல போடுற."

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. எங்கள்ல சாவுச் சேதிய எவனும் நேரா சொல்லமாட்டான். பருந்து பறந்துபோச்சு, ஏரி வத்திருச்சுன்னு எங்கயோ ஆரம்பிச்சு மெல்லத்தான் வருவான். கேக்கறவன் அதுக்குள்ள மனசைத் தேத்திக்குவான். அதனால நான் இல்லன்னு சொல்லச் சொல்ல, அவருக்கு ஆமாம்னு உறுதியாகுது.

"சத்தியமாண்ணே. காலையில என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாரு."

"திட்டிக்கிட்டேதான் போயிருப்பான்"னு தலையாட்டுனாரு. அப்புறம் முகம் மாறிச்சு. "ஆனா நீ என்னடா இது, செத்தவன் குதிரைல ஏறிக்கிட்டு வர்ற? கடல்காரன்னா மொறை கூடவா தெரியாது? எறங்குடா."

எறங்கிட்டேன். வேற என்ன செய்ய. கடிவாளத்தைப் புடிச்சு நடந்தேன். பாதி வழியிலதான் உறைச்சுச்சு: வால் மொட்டை, பிடரி மொட்டை, மேல காலிச் சேணம், முன்னால ஒருத்தன் தலைய குனிஞ்சுக்கிட்டு இழுத்துட்டுப் போறான். செத்தவன் குதிரைய இப்படித்தான் இழுத்துட்டுப் போவோம். ஏறுனா ஏசுறாங்க, எறங்குனா அழறாங்க. ரோட்டோரமா நின்ன சனம் செத்தவனுக்காக வேண்டிக்கிட்டு, ரெண்டு கையாலயும் முகத்தைத் தடவிக்கிட்டே நகருது. ஒரு லாரிக்காரன் பாட்டை நிறுத்துனான்.

கெகென்ல உப்புக்கடை ஷாரா அக்காவோடது. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால அது ஒப்பாரிய ஆரம்பிச்சிருச்சு. உப்புக்கட்டிய மூட்டையில போட்டுட்டு, அதுமேல சக்கரையும் தேயிலையும் வெச்சுக் கட்டுது. "எழவு வீட்டுல டீ கொதிச்சுக்கிட்டே இருக்கணும். எடுத்துட்டுப் போ."

"அக்கா, அவரு உசிரோட இருக்காரு. கேளு. குட்டி மென்னுச்சு."

"குட்டியாம். பாவம், பேச்சு வரல இவனுக்கு." மூக்கைச் சீந்திட்டு வெளிய எட்டிப் பாத்து, "கானட், டேய் கானட், இங்க வா"ன்னுச்சு.

கானட் ஜாந்தோஸோட கூட்டாளி. அல்மாட்டிக்கு வேன் ஓட்டுறவன். வண்டி நெறைஞ்சு, எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு. அக்கா அவன் காதுல என்னமோ சொல்லிச்சு. அவன் செவலைய ஒரு பார்வை பாத்தான், என்னை ஒரு பார்வை.

"டேய் கானட், நில்லு. ஜாந்தோஸ்கிட்ட ஒண்ணும் சொல்லிராத. அண்ணன் நல்லா இருக்காரு."

அவன் என் தோள்ல கை வெச்சான். "நான் பக்குவமாச் சொல்லிக்கறேன் அண்ணே. நீ மனசு விட்றாத."

வேன் போயிருச்சு. நான் மூட்டையும் கடிவாளமுமா பின்னால கொஞ்ச தூரம் ஓடுனேன். செவலையும் கூட ஓடிச்சு. பாக்கறவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு இப்ப நெனச்சாலும் கூசுது. அக்காவோட போன்லருந்து கானட்டைக் கூப்பிடச் சொன்னேன், வண்டி ஓட்டறப்ப அவன் எடுக்கமாட்டான்னுச்சு. ஜாந்தோஸ் நம்பர் அக்காகிட்ட இல்ல, எனக்கும் தெரியாது. அது அண்ணி போன்ல மட்டும்தான் இருக்கு, அண்ணி மேட்டுக்குக் கீழ.

வசந்தத்துல இளைச்ச குதிரைய வெரட்டக்கூடாது, நெஞ்சு வெடிச்சிரும். மனசு பறக்குது, காலு நடக்குது. வீடு வந்து சேர்றப்ப பொழுது எறங்கிருச்சு.

அண்ணன் வேலிகிட்ட நின்னாரு. எல்லாத்தையும் சொன்னேன். திட்டு விழும்னு தலைய குனிஞ்சு நின்னேன். அவரு மூட்டைய அவுத்து உப்புக்கட்டிய நக்கிப் பாத்தாரு.

"கானட்டா போயிருக்கான்?"

"ஆமாண்ணே."

"அவன் வேகமா ஓட்டுவானே." சக்கரையும் தேயிலையும் எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டாரு. "உங்க அண்ணிகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. தூங்கட்டும்."

அவரு தூங்குனாரான்னு எனக்குத் தெரியாது. நான் தூங்கல. காத்து கொட்டாய்க் கூரையத் தட்டிக்கிட்டே இருந்துச்சு.

காலையில வெள்ளக்கால் பொட்டை சரியில்ல. வழக்கமா ஆள் பாக்க ஈனாத சாதி இது, இருட்டுல தனியா முடிச்சிக்கும். இது விடிஞ்சும் படுக்குது, எந்திரிக்குது, திரும்பித் தன் வயித்தையே பாக்குது. தலைச்சன் குட்டி வேற. அண்ணன் சட்டையக் கழட்டிட்டுப் பட்டிக்குள்ள எறங்குன நேரம், ஆத்துப் பக்கம் குளம்புச் சத்தம். கூடவே அழுகை.

"ஓய், என் சகோதரா... என் சிங்கமே... என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே..."

துசிப் அண்ணன். மொறைப்படி தூரத்துலருந்தே குதிரைய வெரட்டிக்கிட்டு, சேணத்துல ஆடி ஆடி அழுதுக்கிட்டு வர்றாரு. வாசல் வரைக்கும் வந்து எறங்கி, கை நீட்டிக் கட்டிப்புடிக்க ஆள் தேடுனாரு. பட்டிக்குள்ளருந்து பைசாக் அண்ணன் தலைய நிமித்துனாரு.

"சிங்கமா? போன வருஷம் கழுதைன்ன."

துசிப் அண்ணன் நீட்டுன கை அப்படியே நின்னுருச்சு. வெளுத்துப் போனாரு, அப்புறம் செவந்தாரு. "நீ சாகலையா?"

"வேலை இருக்கு. நல்லா அழுத துசிப். எனக்காக நீ இவ்ளோ அழுவேன்னு தெரிஞ்சா அந்தப் பல்லை ஒடைச்சிருக்கமாட்டேன்."

"என் கண்ணீரைத் திருப்பிக் குடுறா நாயே."

"உள்ள டீ இருக்கு. சக்கரை என் எழவுக்கு வந்ததுதான், குடி."

சத்தம் கேட்டு வெளிய வந்த அண்ணி எல்லாத்தையும் ஒரே பார்வையில புரிஞ்சுக்கிட்டாங்க. என் பக்கம் திரும்புனாங்க. நான் சொல்லிட்டேன், கானட் வரைக்கும். போனை எடுத்துக்கிட்டு, காலணி கூடச் சரியா மாட்டாம மேட்டைப் பாத்து ஓடுனாங்க. கீழருந்து பாத்தோம், மேல நின்னு காதுல வெக்கறாங்க, எடுக்கறாங்க, திரும்ப வெக்கறாங்க. மகன் போன் எடுக்கலன்னு அந்த முதுகு சொல்லிச்சு.

"அவன் மலைக்கணவாய்ல வந்துக்கிட்டு இருப்பான், அங்க சிக்னல் கெடைக்காது"ன்னாரு அண்ணன், கையப் பொட்டைக்குள்ள விட்டுக்கிட்டே. பாக்காம சொன்னாரு. "கடல்காரா, தலையப் புடி. முன்னங்கால் ஒண்ணுதான் வருது. இன்னொண்ணு உள்ள மடங்கிக் கெடக்கு."

நான் பொட்டையோட கழுத்துமேல சாஞ்சு புடிச்சேன். அவரு முழங்கை வரைக்கும் உள்ள. குட்டியப் பின்னால தள்ளிட்டுத்தான் காலை நிமித்தணும், பொட்டை முக்கறப்ப தள்ள முடியாது. அவரு மூச்சு மறுபடியும் விசில் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. குளிர்காலத்து விசில். பொட்டைக்கு இது அதிக நேரம் தாங்காது. எனக்கு எது முதல்ல நிக்கும்னு தெரியல, பொட்டையா, அவரா.

அப்பத்தான் ரெண்டாவது அழுகை வந்துச்சு.

"அப்பா... என் மலையே... சாஞ்சுட்டியே என் மலையே..."

ஆத்தைத் தாண்டி, ரோட்டுல வண்டிய விட்டுட்டு எடுத்த துசிப் அண்ணன் வீட்டுக் குதிரையில, சேணம் கூட இல்லாம, நகரத்துச் சட்டையோட ஜாந்தோஸ். கழுத்துமேல கவுந்துக்கிட்டு வர்றான். அழுகை மொறைக்கு அழற அழுகை இல்ல, நடுவுல நடுவுல கொரல் ஒடையுது. துசிப் அண்ணன் டீ கிண்ணத்தோட வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. எழவு வீட்டுல வாசல்ல நிக்கற பெரியவரைத்தான் முதல்ல கட்டணும். ஜாந்தோஸ் குதிச்சு எறங்கி நேரா அவரு தோள்ல விழுந்தான். டீ ரெண்டு பேரு மேலயும் கொட்டிச்சு.

"பாக்காமயே விட்டுட்டேனே மாமா. ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேனே."

"டேய். டேய், விடுறா. அங்க பாரு."

"எப்படி இருந்தாரு? என்னைக் கேட்டாரா?"

பட்டிக்குள்ளருந்து அண்ணன் கொரல் வந்துச்சு. மூச்சு வாங்கற கொரல். "அழுதது போதும். கயித்தை எடுத்துட்டு வா. என் கை நீளம் பத்தல."

ஜாந்தோஸ் அப்படியே திரும்புனான். அந்த மூஞ்சிய நான் மறக்கமாட்டேன். கண்ணீர் ஓடிக்கிட்டே இருக்கு, கீழ கோவம் வந்துக்கிட்டு இருக்கு, ரெண்டும் ஒரே மூஞ்சில. ஆனா பொட்டை முனகிச்சு. அவன் வேலியத் தாண்டிட்டான். சட்டைக் கையச் சுருட்டி, அப்பாவை ஓரமாத் தள்ளிட்டு மண்டி போட்டான்.

"முக்கட்டும். இப்ப தள்ளாத"ன்னாரு அப்பா.

"தெரியும்."

"குளம்பைக் கையால மூடிக்க, உள்ள கிழிச்சிரும்."

"தெரியும்ப்பா."

மடங்குன கால் வந்துச்சு. ரெண்டு காலுக்கும் கயிறு போட்டாங்க. அப்பனும் மகனும் சேத்துல உக்காந்து, ஒரே கயித்தைப் புடிச்சு, பொட்டை முக்கறப்ப எல்லாம் இழுத்தாங்க. குட்டி வழுக்கிக்கிட்டு வந்து ஜாந்தோஸ் மடியில விழுந்துச்சு. அசையல. அவன் மூக்கைத் தொடைச்சு, ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள்ள விட்டான். தும்மிச்சு. பொட்டைக்குட்டி. அப்பவே காலை ஒதற ஆரம்பிச்சிருச்சு.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கல. குட்டியவே பாத்தாங்க.

"செத்துட்டீங்கன்னாங்க"ன்னான் ஜாந்தோஸ்.

"கேட்டேன். துசிப்பை விட நல்லா அழுத."

"விளையாடாதீங்கப்பா. கானட் வந்து தோள்ல கை வெச்சான். வழி முழுக்க உங்க மூஞ்சிய நெனச்சுப் பாக்கறேன், கோவமா இருந்த அந்த மூஞ்சிதான் வருது. வேற மூஞ்சி வரமாட்டேங்குது." கொரல் மறுபடியும் ஒடைஞ்சுது. கையெல்லாம் ரத்தம், அதனால தோளால கண்ணைத் தொடைச்சுக்கிட்டான். அண்ணன் ஒரு பிடி வைக்கோலை எடுத்து நீட்டுனாரு. அவன் வாங்கிக் கையத் தொடைச்சான்.

மேட்டுலருந்து அண்ணி எறங்கி வந்தாங்க. மகனை முக்காட்டால நாலு போடு போட்டாங்க, அப்புறம் சேத்தோட கட்டிக்கிட்டாங்க. அவன் தலைக்கு மேலால அவங்க பார்வை செவலை மேல போச்சு. செவலை வேலியோரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"வாலைக் குட்டி மென்னுச்சு. சரி." அண்ணி அண்ணனைப் பாத்துக் கேட்டாங்க, மெதுவா. "பிடரிய எது மென்னுச்சு?"

துசிப் அண்ணன் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு, கெளம்பாம. கடைசி வரைக்கும் கேக்கணும்னு இருந்திருக்கும்.

ஜாந்தோஸ் அப்பாவையே பாத்தான். "வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ சாவுக்குத்தான் வருவேன்ன. நான் வான்னு கூப்புட்டு நீ வந்திருந்தா, பைசாக் மகன் சொன்ன சொல்லு மாறுனான்னு ஊரு பேசும். இப்ப பேச முடியாது. நீ சாவுக்குத்தான் வந்த." அவரு வேலியப் புடிச்சு எந்திரிச்சாரு. "சொல்லு முடிஞ்சுபோச்சு. இனி போறப்ப போ, வர்றப்ப வா."

"இதுக்காக உங்க குதிரையவா..."

"குட்டி தொடங்கி வெச்சுது. நான் முடிச்சேன்."

"வேன் விசயத்துல நான் மாறல."

"டயர் பேச்சு இன்னிக்கு வேணாம்."

இன்னிக்குன்னு ஒரு சொல்லு அதுல இருந்துச்சு. அதை ஜாந்தோஸ் கவனிச்சான்னு நெனக்கிறேன், ஏன்னா மேல எதுவும் கேக்கல. குட்டி கட்டுற நாள் வரைக்கும் இருக்கேன், வேன்காரன்கிட்ட சொல்லணும்னு அம்மாகிட்ட போனை வாங்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறுனான்.

அன்னிக்கு முழுக்க ஆத்துக்கு அந்தப் பக்கம் அழுகை வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப் போய்த் தடுக்கணும், அவங்க என்னை நம்பாம வந்து பாக்கணும், பாத்துட்டுத் திட்டிக்கிட்டே டீ குடிக்கணும். ஷாரா அக்கா குடுத்த சக்கரை சாயங்காலத்துக்குள்ள தீந்துபோச்சு. அண்ணன் வேலியோரமா உக்காந்து பொட்டைங்களுக்கு உண்ணி புடுங்கிக்கிட்டே யாரு எப்படி அழறாங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. "இவன் போலி. வயித்துலருந்து வரல"ம்பாரு.

ஆனா செவலை பக்கம் அவரு போகல. போகவும் முடியாது. ஊரே அழுதுட்டுப் போன குதிரை. இனி அவரே உசிரோட அதுமேல ஏறுனாலும் சனம் வழியில நின்னு துப்பும். சீப்பு சேணப் பையிலயே கெடந்துச்சு. ஈ வந்து மொய்க்கறப்ப எல்லாம் செவலை இல்லாத வாலை வீசிக்கிட்டே இருந்துச்சு, அந்தக் கட்டை இப்படியும் அப்படியும் ஆடிச்சு, ஈ அப்படியே உக்காந்திருந்துச்சு. நான் போய் என் தொப்பியால வெரட்டி விட்டேன். கொஞ்ச நேரத்துல அந்த ஒரு வயசுக் குட்டி பின்னால வந்து கட்டைய மோந்து பாத்துச்சு. அதை இழுத்துட்டுப் போய் உப்புக்கட்டிகிட்டக் கட்டுனேன்.

பொழுது சாயறப்ப அண்ணன் கருப்பை வெளிய கொண்டுவந்து சேணம் போட்டாரு. மேயப் போன கூட்டத்தைத் திருப்பணும். நான் குனிஞ்சு அதோட நாலு குளம்பையும் ஒண்ணொண்ணாத் தூக்கிப் பாத்தேன்.

"என்ன பாக்கற?"

"நோவுன்னீங்களே."

"ஆறிருச்சு"ன்னுட்டு ஏறி, காத்துக்கு எதுக்கப் போனாரு.